கேரல்ஸுக்கு உறுமி வைத்தது நான்தான்

வருடா வருடம் அதே கிடார், அதே நாலு பாட்டு. அலுத்துப்போய், இந்தக் கிறிஸ்துமஸ் கேரல்ஸுக்கு உறுமி மேளம் வைப்போம் என்று சபையில் சொன்னேன்.

இன்று சாயங்காலம் பாளையம்பட்டியில் ஒரு வீட்டு வாசலில் முதல் பாட்டை எடுத்ததுமே தெரு கூடிவிட்டது.

இரண்டாவது பாட்டில், வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு முத்துமாரி அக்காவுக்குச் சாமி வந்துவிட்டது.

பயந்துபோய் மேளத்தை நிறுத்தினோம்.

"ஏன்டா நிப்பாட்டுனீக? அடிங்கடா!" என்று அக்கா ஆடினார்.

அவர் வீட்டுக்காரர் பாஸ்டரிடம் ஓடிவந்தார். "ஐயா, துன்னூறு குடுங்க, மலையேறிரும்."

"எங்ககிட்ட ஏதுய்யா திருநீறு?"

பஞ்சுத் தாடி வைத்த கிறிஸ்துமஸ் தாத்தா பிளம் கேக்கை நீட்டினார். இரண்டாவது துண்டில்தான் சாமி மலையேறியது.

வந்தது எந்தச் சாமி என்று தெரிந்தவர்கள் கமெண்ட்டில் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் என்னைத்தான் கேட்பார்.