தூக்குச்சட்டியில் போன சரக்கு

எதையும் தோண்டித் துருவிப் பார்க்காமல் ராஜமணிக்குத் தூக்கம் வராது. மயிலாடும்பாறையில் பிறந்து கம்பத்தில் வாக்கப்பட்டவள். புருஷன் செத்த பிறகு, விடிந்ததும் ஜீப்பில் பெண்களோடு நெருக்கியடித்துக்கொண்டு மலையேறுவாள். கேரளத்து ஏலத்தோட்டத்தில் காய் பறித்துவிட்டுப் பொழுது சாய இறங்குவாள்.

ஜீப் டிரைவர் அம்மாவாசி ஒருநாள் ஒரு தூக்குச்சட்டியை அவள் மடியில் வைத்தான்.

"எஞ் சாப்பாடுக்கா. செக்போஸ்ட் தாண்டுனதும் வாங்கிக்கிறேன்."

மூன்று வேளையும் புரோட்டாக் கடையில் தின்கிறவனுக்கு ஏது வீட்டுச் சாப்பாடு? திறந்து விரலை விட்டுப் பார்த்தாள். சோற்றுக்கு அடியில் கஞ்சாப் பொட்டலம். வேறொருத்தியாக இருந்தால் கூச்சல் போட்டிருப்பாள். இவள் மூடிவைத்துவிட்டு, எல்லோரும் இறங்கியதும் அவனைத் தனியே பிடித்தாள்.

"இது எங்கனயிருந்து வருது? இங்கன யாரு வாங்குறாக?"

"ஒனக்கெதுக்குக்கா அதெல்லாம்?"

"சொல்லலேன்னா போலீஸ்காரகளக் கேட்டுக்கிறேன்."

அவன் கக்கிவிட்டான். ஆந்திராவில் இருந்து ஆண்டிபட்டி வரை ஒரு கை, அங்கிருந்து நெடுங்கண்டத்துக் கடைக்காரன் வரை இன்னொரு கை. அந்தக் கடைக்காரனிடம் ராஜமணி நேரே போய் மலையாளத்திலேயே பேசினாள். ஆறே மாதத்தில் அம்மாவாசி அவளிடம் சம்பளத்துக்கு ஓட்டினான்.

தக்காளிப் பெட்டியைக் கொட்டிக் கிளறுகிற செக்போஸ்ட்காரர்கள், கூலிக்காரியின் சோற்றில் மட்டும் கை வைப்பதில்லை என்பதை அவள் கவனித்திருந்தாள். அதுதான் அவள் தொழிலுக்குப் போட்ட முதல். தூக்குச்சட்டி கொண்டுபோக ஒரே ஊரில் இரண்டு பேரைச் சேர்க்க மாட்டாள். ஆஸ்பத்திரிச் செலவில் நொடித்தவள், புருஷன் விட்டுப் போனவள் என்று தேடிப் பிடிப்பாள். ஒருத்தியை இன்னொருத்திக்குத் தெரியாது. கம்பத்தில் மாடிவீடு எழும்பியது. கேட்டவர்களுக்கு ஏலக்காய் வியாபாரம் என்றாள்.

அப்படிச் சேர்த்தவர்களில் ஒருத்தியான கடமலைக்குண்டு அனுசுயா சட்டியோடு பிடிபட்டபோது, போலீஸ் தன் வாசலுக்கு வரும் என்று ராஜமணி ஒவ்வொரு நாளும் எதிர்பார்த்தாள். மாதங்கள் போயின. ஒருவரும் வரவில்லை. கைப்பிள்ளைக்காரி, ஏன் வாயைத் திறக்கவில்லை? அந்தக் கேள்வி அவளை அரித்தது.

"வெனையை வெல குடுத்து வாங்காதக்கா. அந்தப் பக்கமே போகாத" என்றான் அம்மாவாசி.

கேட்கவில்லை. அத்தை மகள் என்று சொல்லி, ஆதாரைக் காட்டி, மதுரைச் சிறையில் மனு போட்டுப் பார்க்கப் போனாள். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் அனுசுயா இளைத்துப்போய் நின்றாள்.

"ஏத்தா, எம் பேரை ஏன் நீ சொல்லல?"

"தெரிஞ்சாத்தானக்கா சொல்றதுக்கு? அக்கான்னு கூப்பிட்டதோட சரி. ஊரும் தெரியாது, பேரும் தெரியாது."

"தெரிஞ்சிருந்தா?"

"மொத ஆளாச் சொல்லிருப்பேன். எம்பிள்ளை அங்கன ஆத்தா இல்லாமக் கெடக்கு."

விசுவாசம் என்று நினைத்து, அவளுக்காக ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தாள் ராஜமணி. பையைக் கொடுக்கவா வேண்டாமா என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். வாசலில் இரண்டு பெண் போலீஸ் நின்றிருந்தார்கள்.

"அனுசுயாவுக்கு நீங்க என்ன வேணும்? இதுவரைக்கும் சொந்தம்னு ஒருத்தரும் வந்ததில்லையே."

அப்போதும் அவளுக்குக் கேட்கத்தான் தோன்றியது. "யாராச்சும் வருவாகன்னு இம்புட்டு நாளாக் காத்திருந்தீகளா?"

அவர்கள் ஜீப்பின் கதவைத் திறந்தார்கள்.

வழக்கு விசாரணையில் அனுசுயா அரசுத் தரப்புச் சாட்சியாக மாறினாள். கூண்டில் ஏறி விரலை நீட்டி, ராஜமணியே சிறை மனுவில் எழுதிக் கொடுத்திருந்த பேரையும் ஊரையும் தடுமாறாமல் சொன்னாள். ராஜமணிக்குப் பத்து வருஷம் தீர்ப்பானது. விடுதலையான அனுசுயா கடமலைக்குண்டு பஸ் ஏறினாள்.