பட்டியலில் இருந்த வீட்டை நாங்கள் விற்ற விதம்

1. முதல் உத்தரவு

கல்கத்தாவில் வேலைக்குச் சேர்ந்த அன்று எனக்குக் கிடைத்த முதல் உத்தரவு, 'ஒழுகுகிறது' என்ற சொல்லை எந்தக் காகிதத்திலும் எழுதக் கூடாது என்பது. எங்களுடையது வீடு, நிலம், தோட்டம், தட்டுமுட்டுச் சாமான் எல்லாவற்றையும் விற்றுக் கொடுக்கும் கம்பெனி. விற்பனைக்கு வரும் வீட்டைப் போய்ப் பார்த்து, அறை அறையாக அளந்து, அழகான இங்கிலீஷில் டைப் அடித்து அச்சுக்குக் கொடுப்பது என் வேலை. அந்தக் காகிதத்துக்குப் பர்ட்டிகுலர்ஸ் என்று பெயர். அதில் உண்மை இருக்கக் கூடாது என்று சட்டம் ஒன்றும் கிடையாது. வழக்கமில்லை, அவ்வளவுதான்.

ஆபீஸில் எனக்கு மேலே இரண்டு பேர். ஒருவர் தலைமை குமாஸ்தா. வங்காளிகள் அந்தப் பதவியில் இருப்பவரைப் பொடோபாபு என்பார்கள். நாங்களும் அப்படியே அழைத்தோம். அவருக்கு மேலே துரை, ஸ்காட்லாந்துக்காரர். வங்காளத்துக் கட்டடக்கலையைப் பற்றித் துரைக்கு ஆழ்ந்த ஞானம் இருந்தது. ஒரு கட்டடம் நிற்கிறதா, விழுந்துவிட்டதா என்று பார்த்த உடனே சொல்லிவிடுவார்.

நான் கும்பகோணத்தில் மெட்ரிகுலேஷன் தேறி, டைப் அடிக்கக் கற்றுக்கொண்டு ரயிலேறியவன். பவானிபூரில் ஒரு வங்காளி வீட்டு மாடியில் இரண்டு அறை எடுத்திருந்தேன். என் மனைவி லக்ஷ்மி வந்து ஆறே மாதத்தில், கீழ்வீட்டு அம்மாளோடு வங்காளியில் சண்டை போட்டு ஜெயிக்கும் அளவுக்குத் தேறிவிட்டாள். எனக்கு ஆபீஸுக்கு வேண்டிய வங்காளி மட்டும் வந்தது.

2. யாருமே இல்லாத வீடு

ஒரு நாள் நரேன்பாபு என்பவர் ஆபீஸுக்கு வந்தார். அவருடைய கார்டில் வக்கீல் என்று போட்டிருந்தது. வேறு எங்கும் அதற்குச் சாட்சி இல்லை. ஹூக்ளி ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில் அவருடைய பரம்பரை வீடு இருந்தது. அதை விற்க வேண்டும் என்றார். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். யாரும் இல்லை என்றார். பிறகு ஏதோ மறந்துபோன சாமானைச் சொல்வதுபோல், ஒரு பிஷிமா இருக்கிறாள் என்றார். பிஷிமா என்றால் அப்பாவின் தங்கை, நம் ஊரில் அத்தை.

ஹௌராவில் ரயிலேறி, இறங்கிய இடத்தில் மாட்டுவண்டி பிடித்துப் போனேன். நூற்றைம்பது வருஷத்து வீடு. முன்வாசலில் ஆலமரம் ஒன்று சுவருக்குள் குடியேறி, வாடகை கொடுக்காமல் வளர்ந்துகொண்டிருந்தது. உள்ளே முற்றம். முற்றத்தின் வடக்கே ஐந்து வளைவுகளோடு டாக்கூர் தாலான், அதாவது துர்கா பூஜை நடக்கும் மண்டபம். வளைவுகளுக்கு மேலே சுட்ட மண்ணில் சின்னச் சின்னச் சிற்பங்கள்: படகுகள், யானைகள், துப்பாக்கியோடு புலியைத் துரத்தும் தொப்பிக்காரத் துரைமார். புலி அவர்களைவிடக் கம்பீரமாக இருந்தது.

பிஷிமாவுக்கு ஐம்பது வயது இருக்கும். பதினோரு வயதில் புருஷனை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பியவர். 'யாரும் இல்லாத' அந்த வீட்டை முப்பத்தொன்பது வருஷமாகப் பெருக்கி, வெள்ளையடித்து, ஓட்டை அடைத்துக்கொண்டிருந்தார். நான் டேப்பைச் சிற்பத்தின்மேல் சாய்த்ததும் என் கையைத் தட்டிவிட்டார். அதன்பிறகு நான் அளக்க, அவர் பின்னாலேயே வந்து திருத்தினார். இரண்டு இடத்தில் அவர் சொன்னதுதான் சரியாக இருந்தது.

வேலை முடிந்ததும் பொரியும் தேங்காய் உருண்டையும் கொடுத்து, ஒரு காகிதத்தைக் கொண்டுவந்தார். சர்க்கார் கடிதம். டாக்கூர் தாலானையும் அதைச் சேர்ந்த முற்றத்தையும் பாதுகாக்க வேண்டிய பழங்கட்டடங்களின் பட்டியலில் சேர்த்திருப்பதாகவும், யாரும் இடிக்கவோ மாற்றவோ கூடாது என்றும் அதில் இருந்தது.

சர்க்காருக்கு இந்த வீடு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். அவர் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

"நரேன் ஒரு தடவை செங்கல் வியாபாரியைக் கூட்டிட்டு வந்தான். அவன் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தான். மறுநாளே ஸ்கூல் வாத்தியாரைக் கூப்பிட்டு மனு எழுதச் சொன்னேன். மூணு தடவை எழுதினோம். நாலாவது தடவை ஒரு துரை வந்து படம் பிடிச்சிட்டுப் போனார்."

பிறகு கேட்டார்: "பாபா, இதையும் உன் காகிதத்தில எழுதுவியா?"

எழுதுவேன் என்றேன். அப்போது எனக்கு அது சுலபமான பதிலாக இருந்தது.

3. நீலப் பென்சில்

சொன்னபடி எழுதினேன். எழுதியதோடு நிற்காமல், சர்க்காரே மதித்த வீடு என்று அதை முதல் வரியிலேயே வைத்தேன். வாங்குகிறவர்களுக்குப் பெருமையாக இருக்கும் என்று நினைத்தேன். எனக்கு அப்போது வயது இருபத்து நான்கு. அதை ஒரு காரணமாக ஏற்றுக்கொள்ளலாம்.

பொடோபாபு அந்த வரியை நீலப் பென்சிலால் அடித்தார். வாங்க வருவது ஒரு சணல் மில். அவர்களுக்கு வேண்டியது ஆற்றங்கரை நிலம். வீட்டை இடித்துத் தரைமட்டமாக்கி மில் கட்டப்போகிறார்கள்.

"பர்ட்டிகுலர்ஸ் எதுக்கு? வாங்குறவனைக் கூப்பிடறதுக்கு. விரட்டுறதுக்கு இல்ல" என்றார். கிரயப் பத்திரம் எழுதிய பிறகு, பட்டியல் மில்லின் தலைவலி என்று விளக்கினார். நரேன்பாபு பக்கத்தில் உட்கார்ந்து, சட்டம் தெரிந்தவர் என்ற முறையில் தலையை ஆட்டினார்.

நான் சுத்தப்பிரதி டைப் அடித்தேன். மிக நேர்த்தியாக, ஒரு பிழை இல்லாமல் அடித்தேன்.

வீட்டுக்கு வந்து லக்ஷ்மியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் சாதம் பரிமாறிக்கொண்டே கேட்டாள்.

"ஏன்னா, பிஷிமா லெட்டரைக் காட்டினாளே, அதை எழுதினேளா?"

"எழுதினேன். பொடோபாபு அடிச்சுட்டார்."

"அடிச்சது அவர். மறுபடி டைப் அடிச்சது யாரு?"

அன்று ரசத்தில் உப்பு சரியாகத்தான் இருந்திருக்க வேண்டும். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

இரண்டு நாள் யோசித்தேன். துரையிடம் போய்ச் சொல்லும் தைரியம் வரவில்லை. கம்பெனி விதிகளைப் புரட்டினேன். வீட்டைப் பார்வையிட ஆட்கள் வரும் தேதியை, அங்கே குடியிருப்பவருக்கு முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. எனக்குத் தெரிந்து யாரும் அதைக் கடைப்பிடித்ததில்லை. நான் கடைப்பிடித்தேன். பிஷிமாவுக்கு ஒரு தபால் கார்டு போட்டேன். தேதி, வருகிறவர்கள் யார், எதற்காக வருகிறார்கள். லக்ஷ்மிதான் கீழ்வீட்டு அம்மாளைக் கொண்டு நல்ல வங்காளியில் எழுதி வாங்கினாள். இதை வீரம் என்று யாரும் நினைக்க வேண்டாம். விதியின் பின்னால் ஒளிந்துகொள்வதற்குக் குமாஸ்தாக்களுக்குத் தனிப் பயிற்சி தேவையில்லை.

4. இன்ஸ்பெக்‌ஷன்

கார்டில் எழுதிய தேதியில் மில் மானேஜர், அவருடைய இன்ஜினீயர், துரை, நரேன்பாபு, நான் ஆகிய ஐந்து பேரும் போனோம். இன்ஜினீயர் கையில் வரைபடம். முற்றத்தில் காலடியால் அளந்து நடந்து, டாக்கூர் தாலான் இருக்கும் இடத்தில் பாய்லர் வரும் என்றார். நல்ல மேட்டு நிலமாம். இத்தனை நாள் அதில் தெய்வத்தை வைத்து வீணடித்துவிட்டார்கள்.

நிமிர்ந்து பார்த்தால், மண்டபம் நிறைய ஊர்க்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். படியில் பிஷிமாவும் ஸ்கூல் வாத்தியாரும் நின்றார்கள். பிஷிமா துரைமார் பக்கமே திரும்பவில்லை. நேரே என்னிடம் வந்து கடிதத்தை நீட்டினார்.

"எழுதுறேன்னு சொன்னே, எழுதல. இப்போ படி."

நான் எழுதாதது அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்கத் தோன்றவில்லை. எழுதியிருந்தால் பாய்லரோடு யாராவது வருவார்களா? நரேன்பாபு என் காதருகே வந்து, அவளுக்குப் புத்தி சரியில்லை, அது ஏதோ பழைய காகிதம் என்றார். துரை கடிகாரத்தைப் பார்த்தார். வேலை போனால் திரும்பக் கும்பகோணம். அங்கே அப்பா ஒரு வருஷத்துக்குப் போதுமான பேச்சைத் தயாராக வைத்திருப்பார்.

படித்தேன். இடிப்பவர்களுக்கு அபராதமும் சிறையும் உண்டு என்ற கடைசி வரி வரை உரக்கப் படித்தேன்.

மானேஜர் இன்ஜினீயரிடம் வரைபடத்தைச் சுருட்டச் சொன்னார். துரை என் பக்கம் திரும்பினார்.

"உனக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"தெரியும் சார். எழுதியிருந்தேன். அடித்துவிட்டார்கள்."

யார் அடித்தது என்று அவர் கேட்கவில்லை. பெரிய உத்தியோகத்தில் இருப்பவர்கள் பதில் தெரிந்த கேள்விகளைக் கேட்டு நேரத்தை வீணாக்குவதில்லை. ரயிலில் அவர் முதல் வகுப்பில் போனார், நான் மூன்றாம் வகுப்பில் போனேன். அதனால் மேலும் பேச வாய்ப்பில்லை.

5. நீதி வழங்கப்பட்டது

மறுநாள் நீதி வழங்கப்பட்டது. பொடோபாபு பொடோபாபுவாகவே இருந்தார். வாடிக்கையாளரின் ரகசியத்தை வெளியிட்ட குற்றத்துக்காக நான் வீட்டுப் பிரிவிலிருந்து தட்டுமுட்டுச் சாமான் ஏலப் பிரிவுக்கு மாற்றப்பட்டேன். கட்டில், மேஜை, நாற்காலி. நரேன்பாபு கோபித்துக்கொண்டு வேறு கம்பெனிக்குப் போனார். அவர்களுக்கும் பட்டியல் படிக்கத் தெரிந்திருந்தது, வீடு விற்கவில்லை. சணல் மில் ஆற்றின் கீழ்ப்பக்கம் வேறு நிலம் பார்த்துக்கொண்டது.

அடுத்த வருஷம் துர்கா பூஜைக்கு எங்களை அழைத்துப் பிஷிமாவிடமிருந்து கார்டு வந்தது. போக எனக்குக் கூச்சம். லக்ஷ்மி விடவில்லை. அங்கே போய்ப் பிஷிமாவின் முன்னால் நின்றபோது, எழுதாமல் விட்டதற்கு வருத்தப்படுகிறேன் என்று சொல்லத் தொடங்கினேன். வங்காளியில் வருத்தம் தெரிவிக்க ஆபீஸில் கற்றுத்தரவில்லை, பாதியில் நின்றுவிட்டேன். அவர் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளாமல் இலை போட்டு உட்காரச் சொன்னார். கிச்சடி பரிமாறியபடி கேட்டார்:

"இப்போ என்ன எழுதுற?"

"நாற்காலிதான் பிஷிமா. பழைய நாற்காலிகள்."

"அதுக்குக் கால் எத்தனைன்னாவது சரியா எழுது."

லக்ஷ்மி சிரித்தாள், ஊர்ப் பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு வழியில்லை.

அந்தப் பிரிவில் இருபது வருஷம் இருந்தேன். இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: அதன்பிறகு மூன்று கால் நாற்காலியை மூன்று கால் நாற்காலி என்றே எழுதினேன். வாங்க ஆள் வந்தது.