ராக்னியின் கரடி வேடம்

எல்லார் துப்பாக்கியிலிருந்தும் போல்ட்டை உருவித் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் ராக்னி வகுப்பையே ஆரம்பிப்பாள். குண்டை உள்ளே தள்ளிப் பூட்டுகிற அந்த இரும்புத் தண்டு இல்லாவிட்டால் துப்பாக்கி வெறும் ஊன்றுகோல். அவள் நடக்கும்போது பைக்குள் போல்ட்டுகள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். சாவிக்கொத்தோடு வீட்டுக்காரி வருகிற மாதிரி, இருட்டில் ஆள் தெரிவதற்கு முன்பே சத்தம் வந்துவிடும்.

இருட்டு என்றால் ராத்திரி இல்லை, மத்தியான நேரம்தான். வட துருவத்தை ஒட்டிய நார்வேத் தீவான ஸ்வால்பார்டில் அக்டோபர் கடைசியில் போகிற சூரியன் பிப்ரவரிக்கு முன் எட்டிப் பார்ப்பதில்லை. ஊர் எல்லைப் பலகையைத் தாண்டினால் பனிக்கரடிகளின் இடம். துப்பாக்கி இல்லாமல் நாங்கள் யாரும் தாண்டுவதில்லை. ஓட்டலில் சமைக்கவும் அறைகளைக் கூட்டவும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளவும் தாய்லாந்திலிருந்து வந்திருப்பவர்களுக்கும் இதே விதிதான். அவர்களுக்குத் துப்பாக்கி பழக்குகிறவள் ராக்னி. அவர்களுக்கு நார்வே மொழி அரைகுறை. அவளுக்கு அவர்கள் மொழியில் பத்துச் சொல் தெரிந்தால் அதிகம்.

ஓட்டலில் சமைக்கும் தாய்லாந்துக்காரன் வீரா ஒருமுறை உதவிக்கு வந்தான்.

“நான் மொழிபெயர்த்துச் சொல்றேன் ராக்னிக்கா. உங்களுக்குத் தொண்டைத் தண்ணி மிச்சம்.”

“கரடி உன்னை மொழிபெயர்க்கச் சொல்லிட்டா வரும்? வாயை மூடிட்டு என் கையைப் பாரு.”

பாடம் முழுக்கக் கையால்தான். வயிற்றைத் தட்டிக் காட்டித் தலையாட்டுவாள். பிறகு தொண்டையைத் தொட்டு முறைப்பாள். குண்டு துப்பாக்கியின் வயிற்றில் இருக்கலாம், தொண்டைக்கு ஏறக் கூடாது. சுட வேண்டிய நேரத்தில் மட்டும் ஏற்ற வேண்டும். இந்தச் சைகை ஊருக்கே தெரியும். கடையில் சம்பளம் வந்ததா என்று கேட்டால்கூட ஓட்டல் பெண்கள் தொண்டையைத் தொட்டு, இன்னும் ஏறவில்லை என்று காட்டிச் சிரிக்கிறார்கள்.

ராக்னி சிரிக்க மாட்டாள். அறுபதை நெருங்கும் ஒல்லி உடம்பு, பனியாய் வெளுத்த புருவம், சாயம் போன வெள்ளைக் கான்வாஸ் கோட்டு. ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார மாட்டாள். வீட்டுக் கதவைப் பூட்ட மாட்டாள். பூட்டாத கதவு எங்கள் ஊர் வழக்கம்தான், கரடிக்குப் பயந்து ஓடி வருகிறவர்கள் எந்த வீட்டிலும் நுழைந்துகொள்ளலாம். ராக்னி ஒரு படி மேலே போய் நடையில் விளக்கையும் அணைக்காமல் வைப்பாள்.

அவள் வைக்கிற தேர்வு விசித்திரமானது. மாணவர்களைப் பள்ளத்தாக்கின் வாயில் இருக்கும் குடிசைக்கு முன்னால் வரிசையாக நிறுத்திவிட்டு, போல்ட்டுகளைக் கம்பளித் தொப்பியில் சுருட்டிச் சத்தம் அடக்கி, தன் விளக்கையும் அணைத்துக்கொண்டு இருட்டுக்குள் போய்விடுவாள். கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. பிறகு எங்கிருந்தோ நாலு காலில் தவழ்ந்து வருவாள். நெற்றி விளக்கு வெளிச்சத்தில் முதலில் அவளைப் பார்க்கிறவர் குரல் கொடுக்க வேண்டும், பக்கத்து ஆளைத் தனக்குப் பின்னால் இழுத்துக்கொள்ள வேண்டும். வெள்ளையாக ஏதோ அசைகிறதென்று துப்பாக்கியைத் தூக்கிவிட்டால் தோல்வி.

“அது நான்டா. கரடின்னு உனக்கு யார் சொன்னது?” என்பாள், முழங்கால் பனியைத் தட்டிவிட்டபடி.

நாய்ப் பண்ணை வைத்திருக்கும் தோர்கெய்ரிடம் காப்பி குடிக்கும்போது ஒருநாள் சொன்னாள்: “நாலு கால்ல போறப்ப அவங்க விளக்கெல்லாம் தூரத்துல வரிசையா மினுங்கும். கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டே இருந்தா எனக்குப் பசிக்க ஆரம்பிச்சிடுது.” தோர்கெய்ர் வாய்விட்டுச் சிரித்தான். சிரித்து முடித்ததும் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டான்.

இப்படிப்பட்டவளைத் தடுமாற வைத்தவள் சுமாலி. குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்க்கும் தாய்லாந்துப் பெண். சூரியன் திரும்பியதும் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போகத் துப்பாக்கிச் சான்றிதழ் உள்ள ஆள் வேண்டும். ஜனவரிக்குள் சுமாலி அதை வாங்காவிட்டால் அவளுக்குப் பதில் வேறு ஆள் போடுவதாகச் சொல்லியிருந்தார்கள். வகுப்பிலேயே குறி தப்பாதவள் அவள்தான். பதற்றமே இல்லாத கை. ஆனால் வணங்குவாள். யார் நன்றி சொன்னாலும், பெரியவர் யார் எதிரே வந்தாலும், கை கூப்பி இடுப்பு வளையக் குனிந்துவிடுவாள். தோளில் மாட்டிய துப்பாக்கியும் கூடவே குனியும். அதன் வாய் அவள் காதைத் தாண்டி வந்து, வணங்கப்படுகிறவரின் நெற்றிக்கு நேரே நிற்கும்.

“எனக்கு மரியாதை பண்றது நீயா, உன் துப்பாக்கியா?”

“மன்னிச்சிடுங்கக்கா,” என்று சொல்லி, சுமாலி மறுபடியும் குனிவாள்.

இரண்டு முறை ராக்னி அவளைத் தோற்கடித்தாள். மனசில்லாமல்தான். “சின்ன வயசுலேர்ந்து அம்மா பழக்கினதுக்கா. உடம்பு தானா வளையுது,” என்று அரைகுறை நார்வே மொழியில் அழுத பெண்ணிடம் என்ன சொல்ல? காப்பகத்தில் ஒரு குழந்தை அவளைப் பார்த்துக் கை கூப்பும், அவளும் பதிலுக்குக் குனிவாள் என்ற நினைப்பு ராக்னியை விடவில்லை.

சென்ற ஜனவரியில் ஒரு தேர்வு நாள். வழக்கமாக போல்ட் உள்ள துப்பாக்கியோடு காவல் நிற்கும் தோர்கெய்ருக்குக் காய்ச்சல். ராக்னி போல்ட் கழற்றாத தன் துப்பாக்கியையும், கரடியை விரட்டும் வெளிச்சக் குண்டுப் பிஸ்டலையும் சுமாலியிடம் கொடுத்தாள்.

“இன்னிக்கு உனக்குத் தேர்வு இல்ல. காவல் மட்டும் நில்லு.”

சுமாலி தலையாட்டினாள். அப்போதும் பாதி குனிந்துதான் நிமிர்ந்தாள்.

ராக்னி வழக்கம்போல இருட்டில் வட்டமடித்துத் தவழ்ந்து வந்தாள். தூரத்தில் விளக்குகள். ஒரு விளக்கு அவளைக் கண்டுபிடித்தது, பிறகு மற்றவையும். யாரும் குரல் கொடுக்கவில்லை. விளக்கு வெளிச்சங்களெல்லாம் சேர்ந்தாற்போல மெல்ல மேலே ஏறி, அவள் தலையைத் தாண்டி, அவளுக்குப் பின்னால் போய் நின்றன.

விளையாடுகிறார்கள் என்று முதலில் எரிச்சல்பட்டாள். அப்புறம்தான் பக்கத்துப் பண்ணையில் ஓயாமல் குரைக்கும் தோர்கெய்ரின் நாய்கள் வெகுநேரமாகக் குரைக்கவில்லை என்பது உறைத்தது. போல்ட்டுகள் எல்லாம் அவள் பையில். சுமாலியைத் தவிர எதிரே நின்றவர்கள் கையில் இருந்ததெல்லாம் ஊன்றுகோல்.

வரிசையிலிருந்து ஒரு விளக்கு மட்டும் பிரிந்து பக்கவாட்டில் நகர்ந்தது. அவசரமில்லாமல், ராக்னி குறுக்கே வராத இடம் தேடி. சுமாலிதான். அவள் உள்ளங்கை தரையை நோக்கி இரண்டு முறை அழுந்தியது. படு என்பதற்கு ராக்னியே கற்றுக்கொடுத்த சைகை. தன் மொழியில் என்னவோ சொன்னாள். காப்பகத்தில் பிள்ளைகளைத் தூங்கவைக்கிற குரல். ராக்னிக்கு ஒரு சொல்கூட விளங்கவில்லை. முகத்தைப் பனியில் புதைத்துப் படுத்தாள். மிக அருகில் மூச்சுச் சத்தம் கேட்டது. அது தன்னுடையதா என்று நிதானிக்க முடியவில்லை. வாழ்க்கையில் அப்படிப் பயந்ததில்லை.

வெளிச்சக் குண்டு வெடித்தது. மூடிய இமைக்குள் சிவப்பு வெளிச்சம் பரவியது. கனமான ஏதோ ஒன்று பனியை உதைத்துக்கொண்டு ஓடித் தேய்ந்தது.

எழுந்தபோது பையிலிருந்து தொப்பி நழுவி, போல்ட்டுகள் பனியில் சிதறின. அவள் அதைக் கவனிக்கவில்லை. விளக்கைப் போட்டு, வந்த வழியைப் பார்த்தாள். அவளுடைய முழங்கால் தடங்கள் இருந்தன. ஒவ்வொரு முழங்கால் தடத்தின் மேலும், பிசகாமல், ஒரு பாதத் தடம். விரித்த கையை வைத்துப் பார்த்தாள், தடம் கையைவிடப் பெரிதாக இருந்தது. கடைசித் தடம் அவள் பூட்ஸ் கால் கிடந்த இடத்திலிருந்து ஒரு முழம்.

மற்றவர்கள் குடிசைக்குள் ஓடிவிட்டார்கள். வீரா வாசலிலிருந்து, “ராக்னிக்கா, உள்ள வந்துடுங்க. அது திரும்பி வரும்,” என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். சுமாலி மட்டும் நின்ற இடத்தில் நின்றாள். துப்பாக்கியின் வாய் பள்ளத்தாக்கை நோக்கி இருந்தது.

ராக்னி அவளருகே போய், தெரிந்த பத்துச் சொல்லில் ஒன்றை எடுத்து, அவள் மொழியிலேயே நன்றி சொன்னாள்.

சுமாலி திரும்பவில்லை. இடுப்பு வளையவில்லை. இருட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், “ம்,” என்றாள்.

ராக்னி ஒரு கணம் அவளையே பார்த்தாள். பிறகு பள்ளத்தாக்குக்கு முதுகைக் காட்டிப் பனியில் மண்டியிட்டு, கையுறைகளைக் கழற்றி வைத்துவிட்டு, சிதறிய போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் துழாவி எடுக்கத் தொடங்கினாள். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.