வால் முடியாத விமானம்

வீட்டில் ஏன் விமானம் கட்டுகிறீர்கள் என்று கேட்பவர்களுக்கு, ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார் லிஃப்ட் மெக்கானிக். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால், "நீங்க உங்க காரை என் ஷெட்ல விடலாமான்னு கேக்காம இருக்கத்தான்" என்பார். மைத்துனர் கேட்டால், "முப்பது வருஷமா ஜனங்கள ஏத்தி எறக்கறேன். நான் ஏழாவது மாடியத் தாண்டினதில்ல மாப்ள" என்பார். மனைவி கேட்கவே இல்லை. "கல்யாணத்தப் பண்ணிப் பாத்தாச்சு, வீட்டக் கட்டிப் பாத்தாச்சு, மிச்சம் இதுதானே" என்று தானே முடித்துவைத்தாள். தெரு அவருக்கு பைலட் என்று பெயர் வைத்தது. தரையை விட்டு ஓர் அங்குலம் எழும்பாமல் அந்தப் பட்டம் வாங்கியவர் அவர்.

மகளிடம் சொன்னது வேறு. "வெளியார் விமானத்துலயெல்லாம் கோளாறு கண்டுபிடிக்கற. வீட்லயும் ஒண்ணு இருக்கட்டுமே."

விமானப் பராமரிப்புக் கூடத்தில் தகடுகளில் விரிசல் தேடுவது அவள் வேலை. அடுத்த ஊரில் தனியாக இருந்தாள். எப்போதாவது வந்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்து போவாள். ஷெட்டில் விமான வேலை தொடங்கியபின் ஞாயிறுதோறும் வரவேண்டியதாயிற்று. தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகளை அடிக்க இரண்டு பேர் வேண்டும். தகட்டின் வெளியே ஒருவர் ரிவெட் துப்பாக்கியால் அடிக்க, உள்ளே மற்றவர் இரும்புக் கட்டியை முட்டுக்கொடுத்துப் பிடிக்க வேண்டும். அப்பா அடிப்பார், அவள் பிடிப்பாள். நடுவில் தகடு. முகம் தெரியாது.

"போதுமாப்பா?"

"இன்னும் ஒண்ணு. உன் மேனேஜர் இப்பவும் கத்தறானா?"

"கத்தறான்."

"கத்தட்டும், அவனுக்குத்தான் தொண்டை வலிக்கும். நல்லா அழுத்திப் பிடி."

நேருக்கு நேர் உட்காரவைத்துக் கேட்டிருந்தால் அவளிடமிருந்து ஒரு பதிலும் வந்திருக்காது.

இறக்கைகள் முடிந்தன. உடல் முடிந்தது. வால் மட்டும் முடியவில்லை. வெள்ளிக்கிழமையானால் போன் வரும். "போன வாரம் அடிச்சதுல நாலஞ்சு சரியில்லம்மா. கழட்டிட்டேன். வந்துடறியா?" அவள் அலுத்துக்கொண்டே வருவாள்.

பைலட் ஒரு பிற்பகல், வேலை பார்த்த கட்டடத்தின் லிஃப்ட் அறையில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். வந்த சொந்தங்கள் எல்லாம் கிளம்பிய பிறகு, அவள் டார்ச்சும் பூதக்கண்ணாடியும் எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குள் போனாள். வாலை முடித்து, யாராவது ஒரு விமானியைப் பிடித்து, இதை ஒரே ஒரு முறையாவது பறக்கவிட வேண்டும். அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

பராமரிப்புக் கூடத்தில் செய்வதுபோல் வரிசையாகப் பார்த்தாள். ஒரு ரிவெட்டை டிரில் போட்டுக் கழற்றினால் துளை சற்றுப் பெரிதாகும். அடுத்தது இன்னும் தடிமனாக வேண்டும். வாலில் துளைகள் பெருத்துப் பெருத்துத் தகட்டின் விளிம்புவரை வந்துவிட்டிருந்தன. எறும்பு ஊரக் கல் தேயும் என்பார்கள். அப்பா ஊர அலுமினியம் தேய்ந்திருந்தது. கழற்றிப் போட்டவை ஒரு டப்பாவில் கிடந்தன. ஒவ்வொன்றாகப் பூதக்கண்ணாடியில் பார்த்தாள். டிரில் பட்ட இடம் தவிர எதிலும் பழுதில்லை. ஊரார் விமானத்தில் மயிரிழை விரிசலை விடாதவள், 'சரியில்லாத' ஒரு ரிவெட்டைக் காட்டுங்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அம்மா வாசலில் வந்து நின்றாள்.

"எல்லாமே நல்ல ரிவெட்மா."

"ஆமா. புதன்கிழமையானா உக்காந்து கழட்டுவாரு."

"உனக்குத் தெரியுமா? ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா அடுத்த வாரம் வந்திருப்பியா?"

அவள் டப்பாவை மூடினாள்.

"இது பறக்குமாடி?"

"பறக்காது. கிளம்பினா வால் கழண்டுடும்."

அம்மா விமானத்தை ஒருமுறை சுற்றிவந்தாள். அத்தனை வருடத்தில் அதற்கு அவ்வளவு பக்கத்தில் அவள் போனதில்லை. "வால் மட்டும் புதுசாப் பண்ண முடியாதா?"

"முடியும். ஒருத்தரால முடியாது."

அம்மா இரும்புக் கட்டியை எடுத்துக் கையில் கனம் பார்த்தாள். "நான் பிடிக்கறேன். ஆனா இப்பவே சொல்லிட்டேன், எனக்குக் கழட்டத் தெரியாது. ஒரு தடவ அடிச்சா அடிச்சதுதான். அப்புறம் வர்றதுன்னா நீயா வரணும்."