வரிசை மாறாத விண்கப்பல்கள்

குழந்தைகள் பக்கம் நடத்துகிறவருக்குப் பாதி வேலை எழுதுவது. மீதி வேலை, பெரியவர்கள் கொண்டுவந்து நீட்டுகிற எதையும் பார்த்து, இது பிள்ளைகளுக்கு ஆகுமா ஆகாதா என்று சொல்வது. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் உங்களுக்கும் இந்தச் சங்கடம் தெரிந்திருக்கும். ஆகும் என்றால் ஒரு கட்சி கோபித்துக்கொள்ளும். ஆகாது என்றால் இன்னொரு கட்சி பேச்சையே நிறுத்திவிடும். கதை, பாட்டு, பொம்மை, மாத்திரை போலிருக்கும் மிட்டாய் என்று எத்தனையோ பார்த்துவிட்டேன். எண்பதுகளில் ஒரு வருஷம், கல்கத்தாவில், டி.வி.யில் சுடுகிற ஆட்டம் வந்து சேர்ந்தது.

சிங்கப்பூர்ப் பெட்டி

பவானிபூரில் வாடகைக்கு எடுத்த மாடியில் எங்கள் சிறிய தமிழ்ச் சங்கம் இருந்தது. அதன் மாதப் பத்திரிகையில் குழந்தைகள் பக்கம் என்னுடையது. ஞாயிறு மாலைகளில் அங்கே ஓர் அறையில் பிள்ளைகளுக்குக் கதை வாசிப்பதும் நான்தான். பிள்ளைகளுக்கோ தமிழைவிட வங்காளி நன்றாக வரும். கதைக்கு வருகிறவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். அறையை ஸ்டோர் ரூம் ஆக்கிவிடலாம் என்று நிர்வாகக் குழுவில் பேச்சு எழுந்தது.

அந்தச் சமயத்தில்தான் கார்டன் ரீச்சில் குடியிருந்த கப்பல் என்ஜினீயர் துரைராஜ், சிங்கப்பூரில் வாங்கிய டி.வி. கேம் பெட்டியை இரண்டு காசெட்டுகளோடு அறைக்குக் கொடுத்தார். "வீட்டுல வச்சா நான் டியூட்டிக்குப் போக மாட்டேன் அக்கா" என்றார்.

அடுத்த ஞாயிறே அறை நிரம்பிவிட்டது. கதை முடிந்த பிறகுதான் ஆட்டம் என்று நான் வைத்த விதிக்கும் எல்லோரும் கட்டுப்பட்டார்கள். சங்கத் தலைவர் சந்தானம், பாங்கில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், வாசலிலேயே நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒரு மாசம் பாருங்கள். இதில் பிரயோஜனம் உண்டு என்று உங்கள் பக்கத்தில் எழுத முடிந்தால் எழுதுங்கள். முடியாவிட்டால் பெட்டியும் போகும், அறையும் போகும்."

முதல் காசெட்

தீர்ப்புச் சொல்கிறவர் ஆடிப் பார்க்க வேண்டாமா? பிள்ளைகள் போன பிறகு ஆடலாம் என்றிருந்தேன், யாரும் போகவில்லை. முதல் காசெட்டில் டாங்கி சண்டை. என் டாங்கி ஒரு சுவரில் மூக்கை நுழைத்துக்கொண்டு வெளியே வர மறுத்தது. எதிரி டாங்கியோ அந்தச் சுவருக்குள்ளேயே புகுந்து வந்து என்னைச் சுட்டது. இது ஆட்டத்தைச் செய்தவர் விட்ட பிழை என்று எனக்கே தெரிந்தது. ஆனால் பிள்ளைகள் அந்தச் சுவர் எப்போது ஏமாற்றும் என்று காத்திருந்து, ஒவ்வொரு தடவையும் உருண்டு உருண்டு சிரித்தார்கள்.

நான் பட்டனை அழுத்துவதை ஒன்பது வயது ரஞ்சனி கொஞ்ச நேரம் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "மாமி, நீங்க அதை ரொம்ப மரியாதையா அமுக்கறேள்."

யார் ஜெயிப்பார்கள்?

இரண்டாவது காசெட்டில் விண்கப்பல்கள் மேலேயிருந்து இறங்கும். கீழே நம் கப்பல் ஓடி ஓடிச் சுட வேண்டும். ஒரு கதையைப் பார்ப்பது போலவே பார்த்தேன். நம் கப்பல் வலது ஓரத்துக்குப் போனால் திரையை விட்டு வெளியேறி இடது ஓரத்தில் முளைக்கிறது. நாலு குண்டு ஒன்றாகப் பறந்தால் படம் நடுங்குகிறது. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, எதிரிகள் எப்போதும் ஒரே வரிசையில்தான் வருகிறார்கள். அடுத்து என்ன என்று முன்பே தெரிகிற கதையை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

முடிவாவது உண்டா என்று பார்த்தேன், அதுவும் இல்லை. கடைசியில் யார் ஜெயிப்பார்கள் என்று ரஞ்சனியிடம் கேட்டேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "யாரும் ஜெயிக்க முடியாது மாமி. எவ்வளவு நேரம் தோக்காம இருக்கோம், அதான் ஆட்டம்."

பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

மேல்வீட்டுப் புகார்

சத்தம் தாங்கவில்லை என்று ஒரு ஞாயிறு மேல்வீட்டு அம்மாள் இறங்கி வந்தார். எல்லோருக்கும் அவர் பௌதி, அதாவது அண்ணி. கோபமாக வந்தவர் கதவருகே நின்றார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு தரையில், பிள்ளைகளோடு. யாரோ அவர் கையில் பட்டன் வைத்த ஆட்டக் கட்டையைக் கொடுத்தார்கள். ஓர் ஆட்டத்துக்குக் கிடைக்கிற மூன்று கப்பல்களையும் இழந்தபோது முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார். வங்காளியில் அவர் சொன்னது ஒன்றுதான், இன்னும் ஒரே ஒரு தடவை என்று அர்த்தம்: "ஆர் ஏக் பார்."

தலைவர் வந்த நாள்

மாதம் முடிந்தது. குறைகளை மட்டும் எழுதியிருந்தேன். பிரயோஜனம் என்ற இடம் காலியாகவே இருந்தது. தலைவர் வந்து, வாங்கிப் படித்து, "காலியாக இருக்கிறதே" என்றார். போகுமுன் மரியாதைக்காக ஒரு தடவை ஆடிப் பாருங்கள் என்றேன். ரஞ்சனி கட்டையை அவர் கையில் வைத்தாள்.

இரண்டு வரிசை தாண்டினார். லோட் ஷெட்டிங் வந்தது. பவானிபூர் முழுக்க இருட்டு. "சரி, முடிந்தது" என்று நிம்மதியாக எழுந்தார்.

"முடியலை தாத்தா, உக்காருங்கோ" என்றது ரஞ்சனியின் குரல். "இப்போ இடது பக்கம் மூணு வரும். ரெண்டு எண்ணி, சுடுங்கோ."

அவர் உட்கார்ந்தது நாற்காலி முனகியதில் தெரிந்தது. பிள்ளைகள் ஒரே குரலில் எண்ணினார்கள். டக் என்று பட்டன் சத்தம். "பட்டுது" என்றார்கள். அடுத்த வரிசை யாருக்கும் மறக்கவில்லை. ஒருவன் கப்பலின் பேரைச் சொன்னான், ஒருத்தி அது வரும் திசையைச் சொன்னாள். தலைவர் என்று யாரும் விட்டுக்கொடுக்கவும் இல்லை. தாமதமாக அழுத்தினால் "போச்சு" என்றார்கள். திரையில் ஒன்றுமில்லை. ஆனாலும் நான் தலையைக் குனிந்துகொண்டேன், மேலே ஏதோ பறக்கிறது என்று. நான் பெரிய குறை என்று எழுதியிருந்த அதே வரிசையை, ஒரு பாட்டைப் போல, அவர்கள் மனப்பாடம் செய்திருந்தார்கள். என் கதைகள் எதையும் யாரும் இப்படி இருட்டில் சொல்லிக் கேட்டதில்லை.

"வலது ஓரத்தில் மாட்டிக்கொண்டேனே" என்றது தலைவரின் குரல், உண்மையான கவலையோடு.

"அப்படியே வெளியே போங்கோ தாத்தா. இடது பக்கம் வந்துடுவேள்."

கரண்ட் வந்தது. ஆட்டம் முதலிலிருந்து தொடங்கிக் காத்திருந்தது. தலைவர் கட்டையை நெஞ்சோடு பிடித்தபடி, கண் கூச என்னைப் பார்த்தார்: "அந்த டி.வி.யையும் விளக்கையும் அணையுங்கள் அம்மா, எனக்கு இன்னும் ஒரு கப்பல் பாக்கி இருக்கிறது."

குறைகள் ஒன்றும் குறையவில்லை, பெட்டியும் அறையும் அங்கேயே இருந்தன, பிரயோஜனம் என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று எனக்குக் கடைசிவரை தெரியாததால் "இருட்டில் ஆடிப் பார்க்கவும்" என்று எழுதி அச்சுக்கு அனுப்பினேன்.