நடக்க வைக்கிற வண்டி

லேனா ஆற்றங்கரை வேன் நிறுத்தத்தில் துயாராவின் வண்டிக்கு 'நடக்க வைக்கிற வண்டி' என்று பெயர். மற்ற ஓட்டுநர்கள் உறைந்த ஆற்றின் மேல் ஒரே மூச்சாக ஓட்டி, அக்கரையில் யாகூத்ஸ்க் நகரத்தில் ஆளை இறக்குவார்கள். இவளோ ஏப்ரல் பிறந்துவிட்டால், பனிக்கட்டி இளகிய இடத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தி எல்லாரையும் இறங்கச் சொல்வாள். கதவைத் திறந்துபோட்டு, தான் மட்டும் ஊர்ந்து கடப்பாள். மற்றவர்கள் ஒருவருக்கொருவர் இடைவெளி விட்டு நடந்துவந்து அந்தப் பக்கம் ஏறிக்கொள்ள வேண்டும்.

அவளுக்கு வயது நாற்பத்து நாலு. பிடிவாதம் அவளோடு பிறந்தது என்பார்கள். சுத்தப் பொய். ஆறு வருஷத்துக்கு முன்னால், கரையில் போலீஸ் நிற்கிறதே என்று, வண்டி ஓட்டிவந்த அவள் தம்பி அய்சென் சீட் பெல்ட் போட்டான். பனிக்கட்டியில் இறங்கியதும் கழற்ற மறந்துவிட்டான். ஆற்றின் மேல் பெல்ட் ஆகாது என்று இங்கே பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். பனிக்கட்டி உடைந்தபோது பின்சீட்டில் இருந்த மூன்று பேரும் வெளியே பாய்ந்தார்கள். அவனால் முடியவில்லை. பிடிவாதம் அன்றைக்கு வந்ததுதான்.

அந்த ஏப்ரல் காலையில் நிகிஃபோர் என்ற மாட்டுக்காரர் அவள் வண்டியில் ஏறினார். நகரத்து ஆஸ்பத்திரியில் அவர் மனைவி மார்ஃபாவுக்குப் பதினொரு மணிக்கு இதய ஆபரேஷன். உள்ளே கொண்டுபோவதற்குள் ஒரு தடவை முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அவர் தவிப்பு.

இளகிய இடம் வந்தது. நாலு பேர் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள். நிகிஃபோர் அசையவில்லை.

"ஏம்மா, நடந்தா அரை மணி நேரம் போயிடும். ஓட்டு. என் உசுரு, போனா போகட்டும்."

"போறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதாண்ணே? இறங்குங்க."

அப்போது இன்னொரு வேன் ஆள் நிறைய உட்கார்ந்திருக்க, தண்ணீரைச் சிதறடித்தபடி அவர்களைத் தாண்டிப் பறந்தது. ஒன்றும் ஆகவில்லை. பத்திரமாகக் கரையேறியது.

"பாத்தியா! அவன் ஆம்பள. உனக்கு எதுக்கும்மா ஸ்டியரிங்?"

துயாராவுக்கு முகம் சிவந்தது. இன்ஜினை அணைத்தாள். "பாத்தேன். நாளைக்கும் அவன் தாண்டலாம். நீங்க இறங்காம இந்தச் சக்கரம் உருளாது."

அவர் திட்டிக்கொண்டே இறங்கினார். கணுக்கால் தண்ணீரில் திட்டிக்கொண்டே நடந்தார்.

ஆஸ்பத்திரி மாடிக்கு அவர் மூச்சிரைக்க ஓடியபோது மணி பதினொன்றேகால். வண்டியிலேயே விட்டுப்போன பையைத் தூக்கிக்கொண்டு துயாரா பின்னால் வந்தாள். கட்டில் காலியாக இருந்தது. "உன்னாலதான்!" என்று அவர் அவள்மேல் பாய்ந்தார்.

நர்ஸ் குறுக்கே வந்தாள். "கத்தாதீங்க ஐயா. நீங்க ஆத்துல இருக்கீங்கன்னு காலைலேர்ந்து அவங்களுக்குப் படபடப்பு. இப்படி இருந்தா இன்னிக்கு ஆபரேஷன் வேணாம்னுட்டார் டாக்டர். அப்புறம் வேன் நிறுத்தத்துக்குப் போன் போட்டு, எந்த வண்டில ஏறினார்னு கேட்டாங்க. துயாரா வண்டின்னதும் சிரிச்சுட்டாங்க. 'அப்ப லேட்டாத்தான் வருவாரு, ஆனா வந்துடுவாரு. என்னை உள்ள கூட்டிட்டுப் போங்க'ன்னாங்க. கொஞ்ச நேரத்துல படபடப்பு அடங்கிடுச்சு. இப்பத்தான் ஆபரேஷனுக்கு உள்ள கூட்டிட்டுப் போனாங்க."

துயாரா பையைக் கீழே வைத்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து, தம்பி போன நாளில்கூட வராத அழுகையை அழுதாள்.