பழைய கீபோர்டும் நான் திருத்திய தாளமும்

என் வீட்டு முன்னறையில் போன வருடம் வரை இரண்டு கீபோர்டுகள் இருந்தன. ஒன்று, கல்லூரியில் இயற்பியல் நடத்திக்கொண்டே வார இறுதிகளில் மெல்லிசைக் குழுவில் வாசித்த காலத்தில் வாங்கிய ஒர்க்ஸ்டேஷன். இன்னொன்று, ஓய்வுபெற்ற பிறகு மகள் வாங்கித் தந்த புதியது. இசை தெரிந்த யார் வந்தாலும் பழையதைத் தடவிப் பார்த்துவிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "பழசு இன்னும் தாக்குப்பிடிக்குதுங்களா சார்?"

பிடிக்கிறது என்றுதான் சொல்வேன். ஒர்க்ஸ்டேஷன் என்பது வாசிக்கும் கருவி மட்டுமல்ல. ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனித் தடத்தில் பதிந்து, அடுக்கி, மேடையில் மொத்தமாக ஒலிக்கச் செய்கிற பெட்டி. என்னுடைய பழைய பெட்டி பொத்தானை அமுக்கியதும் எழுந்துவிடும். புதியது ஒரு வாய் காப்பி குடித்து முடிக்கும்வரை யோசிக்கும். பழையதன் வயலின் கூட்டொலி பாட்டுக்குள் இன்றும் இடிக்காமல் உட்கார்ந்துகொள்ளும். கட்டைகள் கனமானவை, விரலுக்குப் பதில் சொல்பவை. பியானோவில் மட்டும் புதியதன் பக்கத்தில்கூட நிற்க முடியாது. சுரங்கள் அதிகமானால் முதலில் வாசித்தது பாதியில் அறுந்துபோகும். பதிந்ததைச் சேமிக்க ஃப்ளாப்பி வட்டு வேண்டும், இப்போது அதற்கு எங்கே போவது?

இந்தப் பதிலைப் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். அதில் பொய் இல்லை. ஆனால் அந்தப் பெட்டியை வைத்து நான் செய்த காரியத்தை யாரிடமும் சொன்னதில்லை.

எங்கள் குழுவில் டோலக்கும் தபலாவும் வாசித்தவர் கோட்டைமேட்டுக்காரர். பகலில் பீளமேட்டில் ஒரு பம்ப்செட் பட்டறையில் லேத் ஓட்டுவார். எங்களுக்கு அவர் பாய். அவருக்கு நான் வாத்தியார். என் வயதுதான். லேத்தில் இம்மி பிசகாத கை, டோலக்கில் எப்போதும் ஒரு துளி தாமதமாகத்தான் இறங்கும். பாட்டு முன்னே போகும், அவருடைய அடி அதன் தோளைத் தொட்டபடி பின்னாலேயே வரும். கேட்கிறவர்களுக்குத் தாமதம் என்று தெரியாது, தலை மட்டும் ஆடும்.

எங்கள் பாடகர் ஒருமுறை கேலி செய்தார். "ஏனுங்க பாய், பஸ்ஸ உட்டுப்போட்டு வாரவராட்டமே வாசிக்கறீங்களே?"

"சீட்டுப் புடிச்சு உக்காந்தவன் எதுக்குங்க ஓடோணும்?" என்றார் பாய்.

பட்டறையில் அவருக்கு ஷிப்ட் மாறிக்கொண்டே இருந்தது. சில கச்சேரிகளுக்கு வர முடியாமல் போனது. அப்போதுதான் நான் ஒர்க்ஸ்டேஷனை வாங்கியிருந்தேன். "உங்களுக்கு ஷிப்ட் இருக்கற அன்னிக்கு மட்டும் இந்தப் பெட்டி வாசிக்கட்டும் பாய். நீங்களே வந்து பதிஞ்சு குடுத்துருங்க" என்றேன். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அன்றைக்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் காலை உணவை முடித்துக்கொண்டு வருவார். கீபோர்டில் ஒவ்வொரு கட்டைக்கும் ஓர் அடியின் ஒலி ஒதுக்கப்பட்டிருக்கும். இந்தக் கட்டையில் 'தா', அந்தக் கட்டையில் 'தீம்'. முதல் நாள் கட்டைகளைப் பார்த்துச் சிரித்தார். "தோலே இல்லாம எதைங்க தட்டறது வாத்தியாரே? பல்லு வெளக்கி உட்ட மாதிரியில்ல இருக்குது." மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அந்தப் பற்களில் டோலக் பேசியது. முப்பதுக்கும் மேற்பட்ட பாட்டுகளுக்கு, பல்லவியிலிருந்து கடைசித் தீர்மானம்வரை, விரலாலேயே வாசித்துக் கொடுத்தார்.

அவர் போன பிறகு நான் திரையைப் பார்த்தேன். ஒலியை அந்தப் பெட்டி பதிவதில்லை. எந்தக் கட்டை, எந்த நொடியில், எவ்வளவு அழுத்தத்தில் அமுங்கியது என்பதை எண்களாகப் பதிந்துகொள்கிறது. ஓர் அட்சரத்தைத் தொண்ணூற்றாறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு அடியும் எந்தக் கூற்றில் விழுந்தது என்று காட்டும். பாயின் அடிகள் ஏழு, எட்டு, ஒன்பது என்று தள்ளி விழுந்திருந்தன. பிழை என்று முடிவுகட்டினேன். அந்தப் பெட்டியில் அதற்கு ஒரு வசதி உண்டு, குவாண்டைஸ் என்பார்கள். பொத்தானை அமுக்கினால் எல்லா அடிகளும் அருகிலிருக்கும் தாளக் கோட்டுக்கு இழுக்கப்பட்டு, சரியாக நேரத்தில் விழும். ஒவ்வொரு பாட்டாகத் திருத்தினேன். அதே ஃப்ளாப்பியில், அவர் வாசித்ததன் மேலேயே, சேமித்தேன். நகல் எடுக்கவில்லை. பிழைக்கு யார் நகல் எடுப்பார்கள்?

அளவீட்டில் வரும் சாதாரணப் பிழை இரண்டு பக்கமும் சிதறும். விலகல் ஒரே பக்கமாகச் சாய்ந்தால் அதற்குக் காரணம் இருக்கும், தேடு. இதை முதலாண்டு மாணவர்களுக்கு ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப்போட்டவன் நான். பாயின் அடிகளில் ஒன்றுகூட முன்னால் விழவில்லை. எல்லாம் பின்னால்தான், ஏறக்குறைய ஒரே அளவில். என் கண்ணெதிரே அந்த எண்கள் இருந்தும் நான் காரணத்தைத் தேடவில்லை.

பிறகு நடந்தது எளிது. ஷிப்ட் இருந்த நாட்களில் பெட்டி வாசித்தது. பெட்டி கோபிப்பதில்லை, ஒத்திகை கேட்பதில்லை, எனக்கும் வசதியாகப் போனது. அதன்பின் ஷிப்ட் இல்லாத நாட்களிலும் அவரைக் கூப்பிடாமல் விட்டேன். "மேடை சின்னதுங்க பாய்" என்றேன் ஒருமுறை. அடுத்த முறை எதுவும் சொல்லவில்லை.

அவிநாசியில் ஒரு திருமண வரவேற்பு. மாப்பிள்ளையின் தகப்பனார் பாயோடு பட்டறையில் வேலை செய்தவர் என்பது எனக்குத் தெரியாது. நான்கு பாட்டுகள் முடிந்து இடைவேளை விட்டபோது, கையில் ஐஸ்கிரீம் கிண்ணத்தோடு பாய் மேடைக்குப் பக்கவாட்டில் வந்து நின்றார். புதுச் சட்டை.

"என்னையப் பொட்டிக்குள்ள போட்டுக் கொண்டாந்துட்டீங்களாக்கும்? சொல்லியிருந்தா நானே நடந்து வந்திருப்பனுங்களே."

பாடகர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "ஷிப்ட்டா இருக்கும்னு நெனச்சேனுங்க பாய்."

"அது கெடக்குது உடுங்க." கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, கைக்குட்டையில் விரல்களைத் துடைத்தார். கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒண்ணு கேக்கட்டுங்களா? நான் இப்புடியா வாசிச்சேன்?"

"ஏனுங்க பாய்?"

"உசுரே இல்லாம கெடக்குதுங்களே. பட்டறைச் சங்கு ஊதுனா ஆளுங்க கேட்டுக்குள்ள போறாப்பல, ஒவ்வொரு அடியும் வரிசையா வந்து நிக்குது. மேடைல வாசிக்கறப்பவும் இப்புடித்தான் இருந்துச்சுங்களா? ஒருத்தருமே சொல்லுலயே."

அவர் என்னைக் குற்றம் சாட்டவில்லை. தன்னைச் சந்தேகப்பட்டுக் கேட்டார். பதிலுக்காக என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நான்தான் திருத்தினேன் பாய், உங்க வாசிப்பு இது இல்ல" என்று சொல்லியிருந்தால் ஒரே வாக்கியத்தில் முடிந்திருக்கும். பாடகரும் கிதார்காரரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் என் தப்பு வெளியே வருவதை நான் விரும்பவில்லை.

"மெஷின் பதிஞ்சதத்தானுங்களே திருப்பி வாசிக்கும்" என்றேன். இயற்பியல் வாத்தியார் சொல்கிற தொனியில் சொன்னேன்.

"அப்பச் செரிங்க" என்றார். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனார்.

அதன்பின் அவர் எந்தக் குழுவிலும் வாசிக்கவில்லை. வேறு குழுக்காரர்கள் கூப்பிட்டபோது, கை விட்டுப்போச்சு என்று சொல்லிவிட்டாராம். என்னோடு பகை இல்லை. கடைவீதியில் பார்த்தால் நின்று பேசுவார். ஒவ்வொரு ரம்ஜானுக்கும் தூக்குப்போசியில் நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்புவார். இருபத்தைந்து வருடங்கள் அந்தக் கஞ்சியைக் குடித்தேன். போசியைக் கழுவி, சர்க்கரையோ பழமோ போட்டுத் திருப்பி அனுப்பினேன். உண்மையை மட்டும் அனுப்பவில்லை.

போன வருடம் அவருடைய மகள் தொலைபேசியில் அழைத்தாள். பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பவள், சிறுமியாக இருந்தபோதே என்னை மாமா என்பாள்.

"மாமா, அத்தாவுக்கு வலது கை சரியா வரமாட்டேங்குதுங்க. ஸ்ட்ரோக் வந்து ரெண்டு மாசமாச்சு. டாக்டர் வெரலுக்குப் பயிற்சி குடுக்கச் சொல்றாரு. பந்து குடுத்தா தூக்கி வீசறாருங்க."

"நான் வந்து பேசட்டுமா கண்ணு?"

"அதுக்கில்லீங்க. உங்க பழைய கீபோர்டுல அத்தா டோலக் வாசிச்சுப் பதிஞ்சாராமே? அதைய ஒருதரம் கேக்கோணும்னு சொல்றாருங்க. மெய்யாலுமே நல்லா வாசிச்சனா இல்லியான்னு பாத்துப்போட்டு, அப்பறம் பயிற்சி செய்யலாமா வேண்டாமான்னு சொல்றேங்கறாரு. பைத்தியமாட்டம் பேசறாருங்க மாமா."

பைத்தியம் இல்லை என்று எனக்குத் தெரியும். தன் கை ஒரு காலத்தில் எப்படி இருந்தது என்பதைத் தெரிந்துகொள்ளக் கேட்கிறார். அதற்குச் சாட்சி என் வீட்டில் இருந்தது. அந்தச் சாட்சியைக் கலைத்தவனும் நான்.

ஃப்ளாப்பிகளைத் தேடி எடுத்தேன். வட்டைச் சுழற்றும் டிரைவுக்குள் இருந்த ரப்பர் பெல்ட் உருகிப் பிசினாகியிருந்தது. காந்திபுரத்தில் ஒரு மெக்கானிக் புது பெல்ட் போட்டுக் கொடுத்தார். எல்லா வட்டும் திறந்தது. அத்தனை வருடம் கழித்தும் ஒன்றுகூடப் பழுதாகவில்லை. ஒரு பாட்டாவது திருத்தப்படாமல் தப்பியிருக்காதா என்று பட்டியலைப் பார்த்துக்கொண்டே போனேன். ஒவ்வோர் அடிக்கும் எதிரே விலகல் பூச்சியம். நான் கொஞ்சம் சோம்பேறியாக இருந்திருந்தால் ஒன்றாவது தப்பியிருக்கும். ஒரு வேலையையும் பாதியில் விடாதவன்.

எல்லா அடிகளையும் எட்டுக் கூறு பின்னால் தள்ளிப் பார்த்தேன், அதே உயிரற்ற வரிசைதான் தாமதமாக வந்தது. புதிய கீபோர்டில் மனிதக் கை வாசித்ததுபோல் பிழைகளைக் கலந்துவிடும் வசதி உண்டு. பாயின் அடிகளை அதில் ஏற்றி முயன்றேன். அடிகள் முன்னும் பின்னும் சிதறின. யாரோ புதிதாகப் பழகுபவர் வாசிப்பதுபோல் இருந்தது. அதை அவர் வாசிப்பு என்று சொல்லிப் போட்டுக் காட்டிவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

ஒரு சனிக்கிழமை காலை பழைய கீபோர்டைக் காரில் ஏற்றிக்கொண்டு கோட்டைமேட்டுக்குப் போனேன். பாய் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார், வலது கை மடியில். பேச்சு தெளிவாக இருந்தது.

"வாங்க வாத்தியாரே. கெழவனுங்க ரெண்டு பேரு, ஒரு கெழட்டுப் பொட்டி. சோடி பொருத்தந்தான்" என்றார். "போடுங்க பாக்கலாம்."

நான் மின்கம்பியைச் சொருகவில்லை. நின்றபடியே சொன்னேன். திருத்தியது, மேலேயே சேமித்தது, அவிநாசியில் பொய் சொன்னது, எல்லாவற்றையும். அவருடைய மகள் சமையலறை வாசலில் தேநீர்த் தட்டோடு நின்றுவிட்டாள்.

பாய் கேட்டார். "எத்தனை பாட்டுங்க?"

"எல்லாமேங்க பாய்."

"திருத்துனதத் திருப்பிக் கெடுக்க முடியாதுங்களா?"

"முடியாதுங்க."

தலையசைத்தார். "அன்னிக்கு ஊட்டுக்கு வந்து டோலக்கப் பரண்ல தூக்கிப் போட்டனுங்க. இத்தன வருசம் ஊரு நம்மள ஏமாத்திக் கைதட்டிருக்குதுன்னு நெனச்சுப்போட்டேன். அப்பவே சொல்லியிருந்தீங்கன்னா உங்களத் திட்டிப்போட்டு, அடுத்த வாரமே வேற மேடைல ஏறியிருப்பனுங்க."

மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் வலது கையை இடது கையால் தூக்கிக் கீபோர்டின் மேல் வைத்தார். அவசரமாகக் கம்பியைச் சொருகினேன். விரல் அமுக்கியது, கட்டை பாதிதான் இறங்கியது. ஒலி வரவில்லை. நான் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்ன அந்தக் கனமான கட்டைகள்.

"இதைவிட லேசா எதாச்சும் இருக்குதுங்களா மாமா?" என்றாள் மகள்.

மதியத்துக்குள் புதியதைக் கொண்டுவந்து வைத்தேன். அவருடைய இரண்டு விரல்களின் எடைக்கே அதில் ஒலி எழுந்தது. ஒரு 'தா', வெகுநேரம் கழித்து ஒரு 'தீம்'. அவர் என் பக்கம் திரும்பவில்லை.

"இது இருக்கட்டுங்க. பழச எடுத்துட்டுப் போயிருங்க" என்றார்.

சனிக்கிழமைதோறும் போகிறேன். மாத்திரை, சர்க்கரை அளவு, மேம்பால வேலை எல்லாம் பேசுகிறோம். தினமும் ஒரு மணி நேரம் வாசிக்கிறார் என்று மகள் சொல்கிறாள். நான் இருக்கும்போது வாசிப்பதில்லை. ஒருமுறை மாடிப்படியில் ஏறும்போது கேட்டது. என் செருப்புச் சத்தத்தில் நின்றுபோனது. இப்போதெல்லாம் வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே மகளுக்குத் தொலைபேசி செய்துவிடுகிறேன். நான் போய்ச் சேர்வதற்குள் அவர் வாசித்து முடித்துக்கொள்ளட்டும்.